கால் மணி நேர எலுமிச்சை

காலையில் குளித்து முடித்ததும் கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு துளி, இடது மணிக்கட்டில் ஒரு துளி. அதற்குமேல் போடுவதில்லை. நான் போடுவது யூடிகோலோன். என் வயதுக்காரர்களுக்கு அது காய்ச்சலோடு சேர்ந்த பெயர். நெற்றியில் ஈரத்துணி போட்டு, அதில் சில சொட்டு விட்டு, அம்மாவோ பாட்டியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். அந்தக் குளிர்ச்சியே பாதி மருந்தாக இருந்தது. இன்று குழந்தைகளுக்கு அப்படிச் செய்ய வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். கேட்டுக்கொள்ள வேண்டிய சொல். காய்ச்சல் இல்லாத நாளிலும் அதைப் பூசிக்கொள்ளலாம் என்று வேலைக்குப் போன காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. பிறகு வேறு வாசனை தேடத் தோன்றவில்லை.

பூசியவுடன் எழுவது எலுமிச்சையும் ஆரஞ்சுத் தோலும் பெர்கமாட்டும். பெர்கமாட் இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியாக் கடலோரத்தில் பெருமளவு விளையும் பழம். ஏர்ல் கிரே தேநீர் குடித்தவர்களுக்கு அந்த மணம் பழக்கமாகியிருக்கும். எலுமிச்சையின் கூர்மை இருக்கும், உள்ளே மெல்லிய கசப்பும் இருக்கும். மூக்கு மட்டுமல்ல, தூக்கக் கலக்கமும் அதில் தெளியும். கால் மணி நேரத்தில் அது அடங்கி, அடியிலிருந்து பூ வரும். அதுதான் நெரோலி, கசப்பு ஆரஞ்சின் வெள்ளைப் பூக்களை நீராவியில் வடித்தெடுக்கும் எண்ணெய். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 1,000 கிலோ பூ வேண்டும். அதே மரத்தின் இலையையும் இளங்கிளையையும் வடித்தால் பெட்டிகிரேன் என்ற இன்னோர் எண்ணெய். அதில் பச்சை வாடை தூக்கலாக இருக்கும். கசப்பு ஆரஞ்சு நம் நாரத்தைக்குச் சொந்தம். நாரத்தை பூத்த கொல்லையில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு நெரோலி புதிய வாசனையாகவே இருக்காது.

யூடிகோலோனை உண்டாக்கியவர் ஜொவான்னி மரியா ஃபரினா. 1685இல் இத்தாலியின் வடக்கு மலைப்பகுதியில் பிறந்து, பிழைப்புக்காக ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறியவர். அவர் குடும்பம் 1709இல் அங்கே தொடங்கிய தொழிலை வழிவந்தவர்கள் இன்றும் நடத்துகிறார்கள். தன் புது வாசனை இத்தாலியின் வசந்தகாலக் காலைப்பொழுதையும், மழை விட்டபின் வரும் ஆரஞ்சுப் பூ மணத்தையும் நினைவூட்டுவதாக 1708இல் சகோதரருக்கு எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 23 இருக்கும். அன்றைய ஐரோப்பியச் செல்வர்கள் கஸ்தூரியும் புனுகும் கலந்த கனத்த வாசனைகளில் திளைத்தவர்கள். ஊர்விட்டு ஊர் வந்த இளைஞன், விட்டுவந்த மண்ணின் ஒரு காலைப்பொழுதைப் புட்டியில் அடைக்க நினைத்தான். பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு இருக்கும் எனக்கு அந்தக் கடிதச் செய்தியைப் படித்தபோது மனம் கலங்கிவிட்டது.

"இது நிற்பதே இல்லையே" என்று பலர் குறைப்படுவார்கள். நிற்காதுதான். யூடிகோலோனில் வாசனை எண்ணெய் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரைதான். அதிலும் எலுமிச்சை வகையின் மணப்பொருள்கள் எடை குறைந்தவை. தோலின் சூடு பட்டதும் பறந்துவிடும். கஸ்தூரி, சந்தனம், பிசின் வகைகள் கனத்தவை என்பதால் தங்கும். இப்போது கடைகளில் நாள் முழுக்க நிற்கும் என்றுதான் விற்கிறார்கள். குளிர்பதனம் செய்த மூடிய அறையிலும், நெருக்கியடித்துப் போகும் பேருந்திலும் ஒருவருடைய வாசனை பக்கத்தில் இருப்பவரின் மூச்சுக்குள் அனுமதி கேட்காமல் நுழைகிறது. அவரால் முகத்தைத் திருப்பத்தான் முடியும், மூச்சை நிறுத்த முடியாது. தலைவலிக்காரரோ ஆஸ்துமாக்காரரோ கருவுற்ற பெண்ணோ அங்கே இருக்கலாம். வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிடும் விருந்தாளியைப் போன்ற வாசனைதான் எனக்குப் பிடிக்கிறது.

பூ மணமெல்லாம் இலேசு என்றும் நினைக்கக் கூடாது. என் மனைவி தலையில் வைக்கும் குண்டுமல்லி மாலையில் மொட்டாக இருக்கும்போது ஒரு மணம். இரவில் முழுதாக விரிந்தபின் வேறு மணம், அறையே கனத்துவிடும். மல்லிகையில் இண்டோல் என்ற பொருள் இருப்பது அந்தக் கனத்துக்கு ஒரு காரணம். மல்லிகையின் காற்றோட்டமான பக்கத்தை மட்டும் தரும் ஹெடியோன் என்ற பொருளை வேதியியலாளர்கள் பின்னாளில் செய்தெடுத்தார்கள். 1966இல் எட்மோன் ரூட்னிட்ஸ்கா, தியோர் நிறுவனத்துக்காக ஓ சவாஜ் என்ற வாசனையை உருவாக்கியபோது எலுமிச்சையோடு அதைச் சேர்த்தார். பூவையும் எலுமிச்சையையும் கலந்த இன்றைய மெல்லிய வாசனைகள் பலவும் அந்த வழியில் வந்தவை.

இளைஞர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்று உண்டு. நாம் பூசிய வாசனை சிறிது நேரத்தில் நமக்கே தெரியாமல் போகும். வாசனை தீர்ந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. மாறாமல் வந்துகொண்டே இருக்கும் மணத்தை மூக்கு கவனிப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். எதிரில் வருபவருக்கு அது அப்படியே இருக்கிறது. இதை அறியாமல் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை என்று மேலும் மேலும் அடித்துக்கொள்கிறோம். நம் குரல் எவ்வளவு சத்தம், நம் பேச்சு எவ்வளவு நீளம் என்பதும் நமக்குத் தெரிவதில்லையே! அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வயதானால் இன்னும் கவனம் வேண்டும். அறுபதுக்கு மேல் பலருக்கும் முகரும் திறன் மெல்ல மெல்லக் குறைகிறது; கண்மங்கலைப் போலச் சட்டென்று உணர முடிவதில்லை. ரசம் ஊசிப்போனதும், எரிவாயு கசிவதும் தெரியாமல் போகக்கூடும். ஆகவே வாசனை விஷயத்தில் என் பேத்தியின் மூக்கைத்தான் நம்புகிறேன். "தாத்தா, வாசல் வரைக்கும் வருது" என்று அவள் சொன்னால் மறுநாள் ஒரு துளி குறையும். வீட்டில் பெரியவர்களிடம் இப்படிச் சொல்லத் தயங்காத குழந்தை இருப்பது பெரிய பாக்கியம்.

வெயிலில் போகும் நாளில் கழுத்தில் போடாமல் சட்டைக்கு உள்பக்கம் தொட்டுக்கொள்வேன். பெர்கமாட் எண்ணெயில் இயற்கையாக உள்ள பெர்காப்டென் தோலில் வெயில் பட்டால் கருந்தழும்பு விழச் செய்யும். அதை நீக்கிய எண்ணெயைத்தான் இப்போது பலர் சேர்க்கிறார்கள் என்றாலும், எச்சரிக்கை நல்லது. துணியில் கூடுதல் நேரம் நிற்கும் என்பது உபரி லாபம். மருத்துவமனையில் யாரையாவது பார்க்கப் போகும் நாளில் மட்டும் புட்டியைத் தொடுவதே இல்லை. குமட்டலோடும் மூச்சிரைப்போடும் படுத்திருப்பவருக்கு எந்த மணம் ஒத்துக்கொள்ளும் என்று நமக்கெப்படித் தெரியும்? அன்றைக்கு வெறும் சோப்புக் குளியல்தான்.