லில்லாஹ்வும் ஓர் ஆங்கில வரியும்

பள்ளிவாசலில் அஸருக்குப் பின் சிறார்க்கு ஓதிக்கொடுக்கும் பணியை நாம் ஏற்று 22 ஆண்டுகளாகின்றன. ஊதியம் பெறுவதில்லை. சென்ற ரமளானுக்கு முன் அதற்கொரு அறிவிப்புத் தாள் அச்சிட விரும்பிய மஹல்லா இளைஞர் ஒருவர், ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் காட்டினார். 'உஸ்தாத் டீச்சஸ் ஃபார் நத்திங்' என்றிருந்தது.

அருகிலிருந்த நம் நண்பர், ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நகைத்துவிட்டார். 'ஃபார் நத்திங்' என்றால் கூலியின்றி என்றும் பொருளாம். பயனின்றி என்றும் பொருளாம். தமிழில் 'சும்மா' படும் பாடும் இதுதானே! 'சும்மா கொடுத்தார்' என்பது ஈகை. 'சும்மா அலைந்தார்' என்பது வீண். நகைப்பில் நாமும் கலந்துகொண்டோம். ஆயினும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நம்மிடம் ஓதிச் சென்றோருள் முஸ்ஹஃபைத் தொட்டு ஆண்டுகளாகிவிட்டவர் எத்தனை பேர் என்று மனம் எண்ணத் தொடங்கிவிட்டது.

மறுநாள் இளைஞர் 'ஃபார் ஃப்ரீ' என்று திருத்தி வந்தார். நண்பர் அதற்கும் இசையவில்லை. 'ஃபார்' என்னும் சொல்லுக்குப் பின் பெயர்ச்சொல் வரவேண்டும், 'ஃப்ரீ' பெயரன்று, ஆதலின் 'ஃப்ரீ' என்று தனித்தோ, 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றோ எழுதுக என்பது பழைய இலக்கணிகளின் கட்சி. 'ஃபார் ஃப்ரீ' பேச்சில் பரவி அகராதிகளிலும் ஏறிவிட்டது. எனினும் கண்ணியமான எழுத்தில் தவிர்ப்பதே நலம் என்றார்.

நஹ்வு ஓதிய நமக்கு இது புதிதன்று. ஹர்ஃபு ஜர்ருக்குப் பின் இஸ்மு வந்தே தீரும். 'லில்லாஹ்' என்பதன் முன்னிற்கும் 'லாம்' ஏறத்தாழ அந்த 'ஃபார்' தான். பின்னிற்கும் பெயர் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. முந்தைய இரவு நம்மை உறுத்திய கணக்கு சற்றே தணிந்தது.

'கிராட்டிஸ்' என்றொரு சொல்லும் உண்டென்றார் நண்பர். தயவு என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லினின்று பிறந்ததாம். நாம் வழங்கும் 'இனாம்' அரபியின் 'இன்ஆம்', அதுவும் அருட்கொடையே. விலையின்மையைச் சொல்ல வந்த இரு சொற்களும் கொடுப்பவன் உள்ளத்தைச் சொல்லி நிற்கின்றன.

ஆங்கில வரியில் 'ஃப்ரீ ஆஃப் சார்ஜ்' என்றே இட்டோம். தமிழ் வரியில் இளைஞர் எழுதியிருந்த 'இலவசம்' என்பதை அடித்து, 'லில்லாஹ்' என்று எழுதினோம்.

"பிள்ளைகளுக்குப் புரியுமா, ஹஜ்ரத்?" என்றார்.

முதல் நாள் பாடம் அதுவாகவே இருக்கட்டும் என்றோம்.