ஸ்வெட்டர் மேல் போட்ட பழி

ஹீட்டரின் மூன்றாவது ஒயர் எதற்கு என்ற கேள்விக்கு முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவன் நான். பத்தாம் வகுப்பு இயற்பியல், இரண்டு மதிப்பெண். அந்த மூன்றாவது ஒயரை, அதாவது பச்சை ஒயரை, அம்மாவின் அறை ஹீட்டரில் நானே பிளேடால் அறுத்தேன். தெரியாமல் செய்யவில்லை.

ஊட்டியில் டிசம்பர் கடைசி. தலைக்குந்தாப் பக்கம் புல்வெளியெல்லாம் காலையில் உப்புத் தூவிய மாதிரி உறைபனி. அம்மாவுக்கு 81 வயது, முட்டி மடக்க முடியவில்லை. பரணிலிருந்து பழைய ஹீட்டரை இறக்கினேன். 2000 வாட்ஸ், இரும்பு உடம்பு, முன்னால் கம்பி வலை. அதன் பிளக் 16 ஆம்ப்ஸ். கடைக்காரர்கள் இன்றைக்கும் ‘பதினஞ்சு ஆம்ஸ்’ என்றுதான் கேட்பார்கள். அம்மாவின் அறையில் இருந்ததோ 6 ஆம்ப்ஸ் சாக்கெட். மணி ஏழு. கமர்ஷியல் ரோடு வரை இறங்கி ஏற வேண்டுமே என்ற சோம்பல். டிராயரைத் துழாவினால் டேபிள் ஃபேனிலிருந்து கழற்றிய டூ பின் பிளக் ஒன்று கிடைத்தது.

பின் இரண்டு, ஒயர் மூன்று. மிச்சமான பச்சையை ஒட்ட நறுக்கி, முனையில் கறுப்பு டேப்பை அழகாகச் சுற்றினேன்.

மனசு கணக்குப் போடாமல் இல்லை. 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்ப்ஸ். ஆறு தாங்கும் பிளக்குக்கு அது ஆகாது. அதற்கும் ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். இரண்டு ஸ்விட்சில் ஒன்றை மட்டும் போட்டுப் பாதிச் சூட்டில் வைத்தால் 4.3 ஆம்ப்ஸ்தானே! “பெரிய ஸ்விட்சைத் தொடாதேம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன். குளிரில் கை விறைத்தவளிடம் சொல்கிற பேச்சா அது? நான் கதவைச் சாத்துவதற்குள் இரண்டையும் போட்டிருப்பாள்.

மூன்றாம் நாள் ராத்திரி, “ஏன்டா, இதைத் தொட்டா சுர்ருங்குதே” என்றாள்.

டெஸ்டரை எடுத்துக் கம்பி வலையில் வைத்தேன். உள்ளே சிவப்பாக மினுக்கியது. நடந்தது என்ன என்று அந்த நொடியே எனக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்கப் பரணில் கிடந்த ஹீட்டர். ராடுக்குள் அடைத்திருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; அதன் வழியாகக் கொஞ்சம் கரண்ட் வெளி உடம்புக்குக் கசியும். பச்சை ஒயர் இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் அம்மாவின் விரலைத் தேடியது. பழைய வீடு, மரப்பலகைத் தரை. அந்தப் பலகைதான் அவளைக் காப்பாற்றியது. கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. எங்கள் வீட்டில் கிடையாது.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: “கம்பளி ஸ்வெட்டர் உரசினா அப்படித்தாம்மா இருக்கும். ஸ்டேட்டிக்.”

படித்த பாடத்தை வைத்தே பொய். அவள் தலையாட்டினாள். வாத்தியார் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மறுநாள் முதல் அந்த ஸ்வெட்டரைப் போடவில்லை. காலமாகிவிட்ட என் சித்தி பின்னிக் கொடுத்தது. ஒரு பருத்திச் சால்வையைச் சுற்றிக்கொண்டு ஹீட்டருக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த வாரம் வீட்டில் மீன் வாடை. பக்கத்து வீட்டில் கருவாடு என்று மூக்கைச் சுளித்தேன். அவர்கள் பாவம், ஊரிலேயே இல்லை. சூடேறிய பிளக்கின் பிளாஸ்டிக்குக்கு அப்படியொரு வாடை உண்டு. போய்ப் பார்த்தால் டூ பின் இளகிச் சாக்கெட்டோடு ஒட்டிக் கிடக்கிறது. மெயினை அணைத்தேன். எம்.சி.பி. ஏன் விழவில்லை என்று கேட்பீர்கள். அது 16 ஆம்ப்ஸ், 8.7 ஓடினால் அது ஏன் விழப்போகிறது? தளர்ந்த இணைப்பில் கரண்ட் கூடுவதில்லை, அந்த இடம் மட்டும் காய்கிறது.

எலக்ட்ரீஷியன் பையன் வந்தான். கருகியதைப் பிரித்துப் பார்த்து, “யார் சார் மாட்டுனது?” என்றான்.

“முன்னாடி ஒரு எலக்ட்ரீஷியன்.” இது இரண்டாவது பொய்.

“பச்சையை வெட்டி முனைக்கு டேப் சுத்தியிருக்கார் பாருங்க. விவரம் தெரிஞ்சுதான் சார் வெட்டியிருக்கார்.”

நான் காபி போடப் போனேன்.

போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் எர்த்தும் இழுத்து, 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டும் ஒரு ஆர்.சி.சி.பி.யும் வைத்தான். கசிந்த ராடையும் மாற்றினான். பிளக்கை நானே மாட்டுகிறேன் என்றேன். பரிகாரம் மாதிரி ஒரு ஆசை. கறுத்த ஒயரை, செம்பு பளிச்சென்று தெரிகிறவரை பின்னுக்கு வெட்டச் சொன்னான். கருகிய செம்பை எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காதாம். இழைகளைத் திருகு சுற்றும் திசையிலேயே வளைத்தேன். பச்சையை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விட்டேன். யாராவது ஒயரை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியில் பிய்வது அதுவாக இருக்க வேண்டும். எர்த் பின் நீளமாக இருப்பதும் அதே நியாயம்தான்: முதலில் உள்ளே போகும், கடைசியில் வெளியே வரும். இதை எத்தனை முறை கரும்பலகையில் வரைந்திருக்கிறேன்! வெளியுறையோடு சேர்த்துக் கிளாம்பை இறுக்கினேன். அரை மணி ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தோம். வெதுவெதுப்புக்கு மேல் இல்லை.

டெஸ்டரும் வலையில் மினுக்கவில்லை. பையன் காசு வாங்கிக்கொண்டு போனான்.

சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்துருண்டை வாசத்தோடு ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “இனிமே இதைப் போட்டுக்கலாமாடா? ஷாக் அடிக்காதே?”

“போட்டுக்கோம்மா” என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.