பார்த்துக் குடுங்கண்ணா

நெமிலியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த சலூனில் முடி வெட்டிக்கொண்டேன். ஏசி, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. வெட்டிய தம்பியிடம் அவசரமே இல்லை. காதோரத்தை மூன்று முறை சரிபார்த்தார். கேட்காமலே தலையைப் பிடித்துவிட்டு, கழுத்தில் சுடுதுண்டு போட்டார். சென்னையில் இப்படி ஒரு கை எனக்கு வாய்த்ததில்லை.

"எவ்ளோ தம்பி?"

"பார்த்துக் குடுங்கண்ணா."

"எவ்ளோனு சொல்லுப்பா."

"உங்களுக்குத் தெரியாததாண்ணா?"

எனக்கு நிஜமாகவே தெரியாது. சுவரில் ஹேர் கலர் விளம்பரம் இருந்தது, விலைப்பட்டியல் இல்லை. முந்நூறை நீட்டினேன். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. எனக்கு முன்னால் வெட்டிக்கொண்ட பெரியவர் 80 ரூபாய் கொடுத்ததைப் பார்த்திருந்தேன். மிச்சம் 220 தலை மசாஜுக்கா, என் ஷூவுக்கா?

ஆளைப் பார்த்து விலை வைப்பது புதுசில்லை. என் தொழிலில் அதற்கு டைனமிக் பிரைசிங் என்று பெயர். மழை பெய்தால் ஆப்பில் ஆட்டோ கட்டணம் ஏறுவது அந்தக் கணக்கில்தான். ஆனால் அங்கே விலை சொல்வது கம்பெனி. இங்கே வேலை செய்தவர் சொல்லாமல் நிற்கிறார். அந்தத் தயக்கம்தான் என்னை உறுத்தியது.

அதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. ஊர்ப்பக்கம் முடிதிருத்துபவருக்குக் கூலி ரொக்கமாக வந்ததில்லை. வருஷம் முழுக்க வீட்டு வாசலிலோ மரத்தடியிலோ வெட்டுவார், சவரம் செய்வார், சாவு வீட்டில் சடங்கு செய்வார்; அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்ப்பார்கள். அறுப்பு முடிந்து களத்துமேட்டில் நிலக்காரர் அளந்து போடும் நெல்தான் சம்பளம். அளப்பவர் கை தாராளமா இல்லையா என்பது அவர் பாடு. "இவ்ளோ குடுங்க" என்று வாய்திறப்பது துடுக்குத்தனம். ஒரு சாதியின் தொழிலாகவே இருந்ததால், வேண்டாமென்று விட்டுப் போகவும் வழியில்லை.

அதனால்தான் முடிதிருத்துவோர் சங்கங்கள் அச்சடித்து மாட்டிய 'கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு' அட்டையை நான் சாதாரணமாக நினைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை மாதிரியே, அதுவும் தொழிலாளி தன் வாயால் சொன்ன ஒரு பேச்சு. இன்னொரு பக்கமும் உண்டு. தலித்துகளுக்கு முடிவெட்ட மறுத்த ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. சாதி காட்டி சேவையை மறுப்பது குற்றமென்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியும், அவர்கள் பஸ் பிடித்து டவுனுக்குப் போய் வெட்டிக்கொண்டார்கள். டவுன் கடையில் அட்டையில் போட்ட காசைக் கொடுத்தால் நாற்காலி கிடைத்தது.

கோயில் மொட்டையிலும் இதே சிக்கல்தான். டிக்கெட் ஒரு விலை, கத்தி பிடித்தவர் கையில் தனியாக ஒரு தொகை என்பது பக்தர்களின் நெடுநாள் புலம்பல். 2021 செப்டம்பரில் தமிழக அரசு அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை நீக்கியது. அந்தப் பணியாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றது. பக்தருக்கு விலை பூஜ்யம் என்று தெளிவாகிவிட்டது. மாதம் 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் எப்படி நடக்கும்? மொட்டை போட்டு முடித்தபின் அவர் நம் கையைப் பார்ப்பதைப் பேராசை என்று என்னால் சொல்ல முடியவில்லை.