மஸில் கார் என்றால் என்ன சார்?



போன வாரம் ஒரு சிவப்பு நிறப் பழைய கார் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் போட்டிருந்தேன். "என்ன கார் சார்?" என்று கேட்டவர்கள் பாதிப் பேர். "பெட்ரோலை இப்படிக் குடிக்கிற வண்டியில் என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டவர்கள் மீதிப் பேர். ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள்தான் இரண்டாவது கேள்வியை அதிகம் கேட்டிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என்னுடைய 45 நிமிட இயற்பியல் வகுப்பையே தாங்கியவர்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

நான் இருப்பது மகள் வீட்டில், மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்குப் பக்கத்தில். இந்த ஊரில் உட்வர்ட் அவென்யூ என்று ஒரு சாலை. 1909-லேயே இதில் ஒரு மைல் தூரத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். ஃபோர்டு 1913-இல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்த ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையும் இதே சாலையில்தான். 1960-களில் ராத்திரியானால் இளவட்டங்கள் ஒரு சிக்னலில் இருந்து அடுத்த சிக்னல் வரை பந்தயம் விட்டதும் இங்கேதான். 1995-இல் இருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் மூன்றாவது சனிக்கிழமை பழைய கார்களை எல்லாம் வெளியே எடுத்து இந்தச் சாலையில் மெதுவாக ஊர்வலம் விடுகிறார்கள். நம் ஊர்த் தேரோட்டம் மாதிரி, ரோட்டோரத்தில் நாற்காலி போட்டுக் குடும்பத்தோடு பார்க்கிறார்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த காரில் பெரிய காரின் எஞ்சினைத் தூக்கி வைத்தால் அதுதான் மஸில் கார். 1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ-வில்தான் இந்தக் கதை தொடங்கியது என்று பலரும் சொல்வார்கள். அந்த அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிர்வாகம் விதி வைத்திருந்தது. ஜான் டிலோரியன் முதலான பொறியாளர்கள் அதில் ஒரு சந்து கண்டுபிடித்தார்கள். புது மாடல் என்று சொன்னால்தானே விதி தடுக்கும்? இருக்கிற மாடலுக்கு, விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் கூடுதல் வசதி என்று சொல்லி, ஏறக்குறைய 300 டாலருக்கு 389 கன அங்குல எஞ்சினைக் கொடுத்துவிட்டார்கள். 5,000 விற்றால் போதும் என்று இருந்தவர்கள், முதல் வருடமே 32,000-க்கு மேல் விற்றார்கள். அதே 1964 ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. விலை 2,368 டாலர். இரண்டு வருடத்துக்குள் பத்து லட்சம் கார்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். அந்தக் காலத்தில் நம் ஊரில் ராஜாவாக ஓடிய அம்பாசடருக்கு ஒன்றரை லிட்டர் எஞ்சின், 50 குதிரைத்திறனை ஒட்டி. இந்த ஜிடிஓ-வுக்கு 6.4 லிட்டர், 325 குதிரைத்திறன். (அப்போது எஞ்சினைத் தனியாக மேடையில் ஓட்டி அளந்தார்கள். 1972-இல் அளக்கும் முறையை மாற்றியதும் எண்கள் தானாகவே இறங்கின.) சத்தமும் தனி ரகம். எட்டு சிலிண்டர், பக்கத்துக்கு நான்கு. மொத்தமாகப் பார்த்தால் சம இடைவெளியில் வெடித்தாலும், ஒரு பக்கத்துக் குழாயை மட்டும் கேட்டால் இடைவெளி சமமாக இருக்காது. பறையில் இடையிடையே இரட்டை அடி விழுகிற மாதிரி இருக்கும். அந்தத் தடுமாற்றம்தான் கேட்பவர் வயிற்றுக்குள் போய் அதிர்கிறது.

அந்த ஆட்டம் பத்து வருடம்கூட நீடிக்கவில்லை. 1970-இல் காற்று மாசுச் சட்டம் வந்தது. இன்சூரன்ஸ்காரர்கள் இந்தக் கார்களுக்குப் பிரீமியத்தை ஏற்றினார்கள். 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. 1974-ஓடு ஜிடிஓ நின்றது. பிற்பாடு 2005-இல் மஸ்டாங் பழைய சாயலில் புதிதாக வந்தது. அதன் பின்னால் டாட்ஜ் சேலஞ்சரும் செவர்லே கமாரோவும் திரும்ப வந்தன. 2015 ஹெல்கேட்டுக்கு 707 குதிரைத்திறன். 2023-இல் டீமன் 170 என்று ஒன்று, 1,025. அந்த வருடக் கடைசியை ஒட்டிச் சேலஞ்சரையும் கமாரோவையும் நிறுத்திவிட்டார்கள். மஸ்டாங் மட்டும் இன்னும் எட்டு சிலிண்டரோடு வருகிறது. டாட்ஜ் சார்ஜர் இப்போது மின்சாரத்திலும் ஓடுகிறது. பழைய உறுமலைச் செயற்கையாக உண்டாக்கி வெளியே விடுகிறார்கள்.

படத்தில் இருந்தது 1967 ஜிடிஓ. பக்கத்து வீட்டுப் பெரியவருடையது. அவருக்கு 77 வயது. கார் தொழிற்சாலையில் 31 வருடம் உழைத்தவர். 21 வயதில், தன் சம்பளத்தில், இரண்டாம் கையாக வாங்கியது. பானெட்டைத் திறந்து காட்டினார். எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. கை உள்ளே போகிறது. கார்புரேட்டரைத் தானே பிரித்து மாட்டுகிறார். தொழிலாளி தான் செய்வது போன்ற காரைத் தானே வாங்க முடிந்த காலம், கெட்டுப்போனால் தானே சரிசெய்ய முடிந்த காலம். இவர்கள் ஏங்குவது வேகத்துக்கு மட்டும் இல்லை என்று எனக்கு அங்கே நின்றபோது பட்டது.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். 2003-இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயர் எழுதவில்லை. அப்பா கடன்பட்டு வாங்கிக் கொடுத்த பைக், வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு, நிற்கிற தூரமும் ஏறக்குறைய நான்கு மடங்கு என்ற கணக்கைக் கரும்பலகையில் வந்து சரியாகப் போட்ட பையன் அவன். அதற்குப் பிறகு பெரிய எஞ்சின் சத்தம் கேட்டால் எனக்குச் சந்தோஷம் வருவதில்லை.

அதனால் பெரியவரிடம் நேராகவே கேட்டேன், "உங்கள் கூட்டாளிகளில் யாராவது...?" அவர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு குனிந்து சக்கரத்தைத் தட்டினார். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான், இடுப்புக்கு மட்டும் பெல்ட். "இது ஓடுவதற்குச் செய்த வண்டி, நிற்பதற்குச் செய்தது இல்லை" என்றார்.

இப்போது அவருக்கு முழங்கால் வலி, கிளட்ச் மிதிக்க முடியவில்லை. கல்லூரியில் படிக்கும் பேத்திதான் ஓட்டுகிறாள். காலி பார்க்கிங்கில் அவளுக்கு முதல் இரண்டு வாரம் நிறுத்த மட்டும்தான் சொல்லிக் கொடுத்தாராம். எந்த வேகத்தில் மிதித்தால் எங்கே போய் நிற்கும் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக் காட்டினாராம். கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நான் பலகையில் போட்ட கணக்கை அவர் தரையில் போட்டிருக்கிறார்.

புதுக் கார்களுக்கு வழுக்காமல் பிடிக்கும் பிரேக்கும், தடம் மாறாமல் காக்கும் கருவியும் இருக்கின்றன. நம் பிள்ளைகள் வாங்கிக் கேட்கும் பல பைக்குகளுக்கு அந்த அளவுக்குப் பாதுகாப்பு கிடையாது. என் மாணவர்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது கல்லூரி சேரும் வயது. வாங்கிக் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். கொடுத்தால், சாவியைக் கொடுப்பதற்கு முன் நம் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 20-இல் பிரேக் பிடிக்கச் சொல்லிக் கோடு போடுங்கள். 40-இல் பிடிக்கச் சொல்லிக் கோடு போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அவர்களையே நடந்து பார்க்கச் சொல்லுங்கள். ஹெல்மெட்டோடுதான், சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். சாக்பீஸ் இல்லாதவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம், என்னிடம் இன்னும் அரைப் பெட்டி இருக்கிறது.