பர் துபாயில் ஒரு புல் வெட்டும் மெஷின்

"ஊருக்குப் போறப்ப இதைக் கொண்டு போக முடியுமா?"

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் அப்பா இந்த ஒரு கேள்வியைக் கேட்பார். மீனா பஜாரில் ஒரு துணிக்கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவர் அவர். எங்கள் வீடு அந்தக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. கட்டில் மடிப்புக் கட்டில், மேசை மடிப்பு மேசை. அட்டைப்பெட்டியில் அடங்காத எதுவும் வீட்டுக்குள் வராது. கல்ஃபில் வளர்ந்த நம்மில் பல பேருக்கு இது புதுசா இருக்காது.

புல் என்றால் எங்களுக்கு க்ரீக் பார்க்தான். 1994-ல் அந்தப் பூங்கா திறந்தபோது நான் சின்னப் பையன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா புளியோதரை கட்டி எடுத்துக்கொள்வார். ஓரமாகப் படகுத்துறை பக்கம் நடந்து, பிறகு பஸ் பிடித்துப் போவோம். அங்கே ஒருவர் வண்டி மாதிரி ஒன்றில் உட்கார்ந்து புல் வெட்டிக்கொண்டு போவார். வெட்டின புல்லின் வாசனைக்காகவே அவர் பின்னால் ஓடியிருக்கிறேன்.

போன வருஷம் ஜாஃபிலியாவில் ஒரு பழைய சின்ன வில்லா வாடகைக்குக் கிடைத்தது. பின்பக்கம் ஆறு மீட்டருக்கு எட்டு மீட்டர் முற்றம், ஒரு வேப்பமரம், நிறையப் புல். முதல் நாள் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் மாதம் இரண்டு முறை ஒரு தோட்டக்கார பாய் வந்து வெட்டினார். ஜூலையில் ஒரு நாள் காலை பதினொரு மணி. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதினொரு மணிக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் வெயில் இருக்கிறதே. ஏசி அறையின் ஜன்னல் வழியே பார்த்த என் மகன் கேட்டான்: "அப்பா, நம்ம புல்லை நாம ஏன் வெட்டக் கூடாது?"

என்னிடம் பதில் இல்லை. மரத்துக்கும் வேலிச்செடிக்கும் அவரே வரட்டும், நேரம் அதிகாலை என்று பேசிக்கொண்டோம். சம்பளத்தில் கை வைக்கவில்லை. புல் எங்கள் பொறுப்பு என்று முடிவானது.

அப்புறம் மெஷின் தேடல். நான் சாஃப்ட்வேர்காரன், எக்ஸெல் ஷீட் இல்லாமல் எதையும் வாங்கத் தெரியாது. கடைசியில் ஷீட்டில் நின்றது மூன்று வகை.

பெட்ரோல் மெஷினுக்கு பலம் அதிகம், சத்தமும் அதிகம். இரண்டு மாதம் லீவில் ஊருக்குப் போனால் டேங்க்கில் கிடக்கிற பெட்ரோல் கெட்டு, கார்புரேட்டரை அடைத்துவிடும். வருஷா வருஷம் லீவுக்குப் போகிற நமக்கு இது தலைவலி.

பேட்டரி மெஷின் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு நம்ம ஊர் வெயில் எதிரி. பெரும்பாலான பேட்டரிகளை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. வாங்குவதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், காரிலும் வெளி ஷெட்டிலும் விடாதீர்கள். இருநூறு சதுர மீட்டர் மாதிரி பெரிய முற்றம் உள்ளவர்களுக்கு இதுதான் வசதி.

மூன்றாவது, கையால் தள்ளுகிற ரீல் மெஷின். மோட்டார் கிடையாது. சக்கரம் உருளும்போது கத்திகளும் சுற்றி, அடியில் இருக்கிற இரும்புத் தகட்டோடு உரசிக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும்.

முடிவு எடுக்க உதவினவர் அப்பாதான். நவம்பரில் விசிட் விசாவில் பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்தார். காலையில் முற்றத்தில் குனிந்து ஒரு தண்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"டேய், இது அருகம்புல்லுடா!"

"இல்லப்பா, இது பெர்முடா கிராஸ்."

"பேரு என்ன வேணா வச்சுக்க. வரப்புல இதைப் பிடுங்கிப் பிடுங்கி எங்கப்பாவுக்கு முதுகு ஒடிஞ்சுது. நீ தண்ணி ஊத்தி வளக்குறியா?"

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. பெர்முடா என்று உலகம் சொல்வது நம்ம பிள்ளையாரின் அருகம்புல்தான். புல்தரைக்கு என்று வளர்ப்பதில் கலப்பினங்கள் உண்டு, குடும்பம் ஒன்றே. சூட்டில் செழித்து வளரும், தரையோடு ஒட்ட வெட்டினால் அடர்த்தியாகும். ஒட்ட வெட்டுவதற்கு ரீல் கத்திதான் பொருத்தம்.

இன்னொன்றும் படித்தேன். புல் வெட்டும் மெஷினை 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல் நூலிழைகளைச் சீவுகிற இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அப்ப இது நம்ம துணிக்கடைச் சாமான்தான்" என்று சிரித்தார். கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக அடிப்படை மாறாத டிசைன். என் தொழிலில் அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

கடைக்கு அப்பாவையும் கூட்டிப் போனேன். 38 சென்டிமீட்டர் அகலம் வெட்டுகிற ஒரு மெஷினைத் தூக்கிப் பார்த்தார், கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். பழைய கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "தகடு தேய்ஞ்சா கிடைக்குமா?" என்று மட்டும் கடைக்காரரிடம் கேட்டார். நீங்களும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கத்தி, தகடு, திருகு மூன்றும் தனியாகக் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

எங்கள் முற்றத்துக்கு எட்டு மீட்டர் நீளத்தில் பதினெட்டு வரிசை. மொத்தமே நூற்று ஐம்பது மீட்டர் நடை, இருபது நிமிஷம். காலை ஆறரைக்கு, பனி ஈரம் காய்ந்த பிறகு வெட்டுகிறோம். ஈரப்புல் கத்தியில் சிக்கும். ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டுவதில்லை. சத்தம் இல்லாததால் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தூக்கமும் கெடவில்லை.

குறை இல்லாமல் இல்லை. இந்த வருஷம் லீவு முடிந்து ஆகஸ்ட் கடைசியில் திரும்பினால் புல் முழங்கால் உயரம். தண்ணீர் டைமர் அதுபாட்டுக்கு ஓடியிருக்கிறது. ரீல் மெஷின் இரண்டடி போய் நின்றுவிட்டது. வளர்ந்த புல்லை அது வெட்டாது, படுக்கத்தான் வைக்கும். தோட்டக்கார பாய்தான் விடிகாலையில் வந்து தன் மெஷினால் மேலாக வெட்டிக் கொடுத்தார். வெட்டி முடித்து என் மெஷினைத் தள்ளிப் பார்த்தார். பையன் தள்ளிக் காட்டியதும் கை தட்டினார்.

நம் அப்பாக்கள் பெட்டியில் அடங்கினதை மட்டும் வாங்கினார்கள். அவர்கள் பயம் நியாயமானது. விசா இன்றைக்கும் விசாதான், வாடகை வாடகைதான். ஆனாலும் நம் பிள்ளைகள் ஓடுவது இந்தத் தரையில்தான். இருக்கிற வரைக்கும் அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒரு மெஷின் வாங்கலாம், தப்பில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீடியோ காலில் வந்தார். பேரன் போனை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போனான். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கத்திக்கு எண்ணெய் போட்டீங்களாடா?"