வாக்கெடுப்பு இல்லாமல் வந்த கீதம்

1947ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபைக்காக நியூயார்க் சென்றிருந்த இந்தியப் பிரதிநிதிகளிடம், ஒரு நிகழ்ச்சியில் இசைக்குழு வாசிப்பதற்கு அவர்களது நாட்டின் தேசிய கீதம் கேட்கப்பட்டது. அண்மையில்தான் விடுதலை பெற்றிருந்த நாட்டுக்கு அப்படியொன்று இன்னும் முடிவாகியிருக்கவில்லை. கைவசம் இருந்த ‘ஜன கண மன’ இசைத்தட்டைக் கொடுத்தார்கள். இசைக்குழு அதைப் பயின்று வாசித்தது. பலநாட்டுப் பிரதிநிதிகளும் பாராட்டினர். 1948 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் நேரு அளித்த அறிக்கையில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அப்பாடலுக்கு அதற்கு முன்பே ஒரு பழி இருந்தது. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் அது முதன்முதலாகப் பாடப்பட்டது. அதே நாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரைப் போற்றும் இந்திப் பாடல் ஒன்றும் பாடப்பட்டது. சில ஆங்கில நாளேடுகள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, தாகூர் மன்னருக்கு வாழ்த்துப் பாடியதாக எழுதின. தாம் பாடியது யுகயுகமாய் மக்களை வழிநடத்தும் இறைவனையே என்று 1937இல் தாகூர் கடிதம் எழுதி விளக்க வேண்டியிருந்தது. 1941இல் அவர் மறைந்தார். தமது பாடல் தேசிய கீதமானதை அவர் அறியவில்லை.

மறுபுறம், பங்கிம் சந்திரரின் ‘வந்தே மாதரம்’ விடுதலைப் போரின் முழக்கமாகவே விளங்கியது. அதற்காகத் தடியடி பட்டவர்கள் உண்டு. ஆயினும் தேவியைப் போற்றும் அதன் பிற்பகுதியை முஸ்லிம்கள் பலர் ஏற்கவில்லை. முதல் இரு பத்திகளை மட்டும் பாடலாம் என 1937இல் காங்கிரஸ் செயற்குழு முடிவெடுத்தது. இசைக்குழு வாசிப்பதற்கு எது ஏற்றது என்பதையே நேரு முதன்மையாக வலியுறுத்தினார்.

1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் ஓர் அறிக்கை வாசித்தார். ‘ஜன கண மன’ தேசிய கீதம். ‘வந்தே மாதரத்துக்கு’ அதற்குச் சமமான மதிப்பு. தீர்மானமோ விவாதமோ வாக்கெடுப்போ நடக்கவில்லை. வாக்கெடுத்திருந்தால் ஒரு பாடல் வென்றிருக்கும், மற்றொன்று தோற்றிருக்கும். பிரிவினையின் புண் ஆறாத வேளையில் அத்தகைய தோல்வியை எவர்மீதும் சுமத்தாமல் அந்த அறிக்கை காத்தது. ஆனால் அன்று அவையில் நடக்காத விவாதம் பிறகு வெளியே தொடர்ந்தது; இன்றும் ஓய்ந்தபாடில்லை.

அரசியலமைப்பில் கையொப்பமிட்ட பின், அன்றைய கூட்டம் கலைவதற்கு முன், உறுப்பினர்கள் எழுந்து நிற்க இரண்டு பாடல்களும் பாடப்பட்டன.