கல்லுக்குக் காது கொடுத்தவர்

சிறு பிராயத்தில் நமக்கு ஒரு கல்தச்சரைத் தெரியும். உளியை எடுக்குமுன் அவர் பாறையைச் சுத்தியலால் அங்குமிங்கும் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். "கல்லைப் பார்க்காதே தம்பி, அதன் கீறலைப் பார்" என்பார். நாம் சிரித்தோம்.

அந்த வாக்கையே ஒரு சாஸ்திரமாக வளர்த்த மனிதரின் வரலாற்றைப் படித்தபோது, அன்று சிரித்ததற்காக வெட்கப்பட்டோம்.

லியோபோல்ட் முல்லர் 1908-ல் ஆஸ்திரியாவின் ஸால்ஸ்பர்க் நகரில் பிறந்த எஞ்சினீயர். வெட்டியெடுத்த ஒரு துண்டுக் கல்லைச் சோதித்து மலையின் பலத்தை அறிய முடியாது. மலையை ஊடுருவும் வெடிப்புகளையும் அடுக்குகளையும் அளந்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1962-ல் பாறை இயக்கவியலுக்கான சர்வதேச சங்கம் அந்நகரிலேயே பிறந்தது. அதன் முதல் தலைவர் அவரே.

மறு வருஷமே பேரிடி விழுந்தது. இத்தாலியின் வயோந்த் பள்ளத்தாக்கில் சுமார் 260 மீட்டர் உயரத்தில் ஓர் அணை எழுந்திருந்தது. 1960-ல் நீர் ஏறியபோது பக்கத்து மலைச்சரிவில் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடிப்புக் கண்டது. முல்லர் ஆராய்ந்து, சுமார் 20 கோடி கன மீட்டர் பாறை அசைகிறது என்று 1961-ல் அறிக்கை தந்தார். நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் மலையை மெல்ல மெல்ல நகரச் செய்யலாம் என்று அணைக்குப் பொறுப்பானவர்கள் நம்பினர். 1963 அக்டோபர் 9 இரவு, அவர் சொன்னதைவிட அதிகமான பாறை ஒரு நிமிஷத்துக்குள் ஏரியில் சரிந்தது. அணை அசையவில்லை. ஆனால் அதைத் தாண்டிப் பாய்ந்த வெள்ளம் சுமார் 2,000 உயிர்களைக் கொண்டு போயிற்று.

மலை வரும் என்று தெரிந்தது. இத்தனை வேகத்தில் வரும் என்று தெரியவில்லை. சாஸ்திரத்தின் இந்தத் தோல்வியை மூடி மறைத்து மறந்துவிட முல்லருக்கு மனமில்லை. 1964-ல் அதைப் பற்றி எழுதினார். முதுமையில், 1987-லும், அதே மலைச்சரிவை மறுபடி ஆராய்ந்து எழுதினார். அடுத்த வருஷம் காலமானார். புகழைவிட இந்த மன உறுதியே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே 1988-ல் நம் தேசத்திலும் பாறை இயக்கவியலுக்கென ஒரு தேசிய ஆராய்ச்சி நிலையம் கோலார் தங்கவயலில் தோன்றியது. ஆழ்சுரங்கத்தில் பாறை வெடித்துச் சிதறித் தமிழ்த் தொழிலாளர் பலர் மாண்ட பூமி அது. அங்கே சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. அது புகட்டிய பாடம் மூடப்படவில்லை.

தேசம் அணைகள் கட்டட்டும், மலைகளைக் குடையட்டும். அதற்கு முன், நம் கல்தச்சரைப் போல், ஒரு முறை தட்டிக் கேட்கட்டும்.